பாக்கெட் ஹோல் வேலைக்கு மலிவான ஸ்குரூ: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் ஒருவர் செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கல்லாவின்மேல் கொட்டினார். உள்ளே ஒன்பது ஸ்குரூ தலைகள். உடலைக் காணோம். வீட்டிலேயே புத்தக அலமாரி செய்தவர் அவர். ஜிக் (டிரில்லைச் சாய்வாகப் பிடித்து வழிகாட்டும் அச்சு) வைத்துப் பாக்கெட் ஹோல், அதாவது ஸ்குரூவை அடுத்த பலகைக்குள் இறக்கும் சாய்வுத் துளை போட்டு, கறுப்பு ஜிப்சம் ஸ்குரூவை முடுக்கியிருக்கிறார். சில தலைகள் முடுக்கும்போதே தெறித்தன, மற்றவை புத்தகங்களை அடுக்கிய பிறகு. அந்த ஸ்குரூவை விற்றவர்கள் நாங்கள்தான். எதற்கு என்று கேட்காமல் அரை கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டோம். அதனால்தான் இந்த மடல்.

கறுப்பு ஸ்குரூ ஜிப்சம் பலகைக்காகச் செய்யப்பட்டது. உடல் ஒல்லி, இரும்பு கடினம். பாரம் ஏறினால் வளைந்து கொடுக்காது, ஒடிந்துவிடும். அதைவிடப் பெரிய கோளாறு தலையில் இருக்கிறது. ஜிக்கின் டிரில் 15 டிகிரி சாய்வில் 9.5 மி.மீ. துளை போட்டு, அடியில் தட்டையான ஒரு படியை விட்டுச் செல்கிறது. ஸ்குரூவின் தலை அந்தப் படியில் பதமாக உட்கார வேண்டும். அடிப்பக்கம் கூம்பிய தலை உட்காராது. ஆப்பு போல இறங்கிப் பலகையைப் பிளக்கும். மஞ்சள் சிப்போர்டு ஸ்குரூவுக்கு உடல் பலம் உண்டு, ஆனால் அதுவும் சி.எஸ்.கே. தலைதான். (எங்கள் கடையில் சி.எஸ்.கே. என்றால் கிரிக்கெட் அல்ல, கூம்புத் தலை.)

பாக்கெட் ஹோலுக்கென்றே வரும் ஸ்குரூவின் தலையடி வாஷர் போலத் தட்டையாக இருக்கும். நுனி தானே வழி வெட்டிக்கொள்ளும். தலையில் சதுரக் குழி இருப்பதால் முடுக்கும் பிட் நழுவாது. கனடாக்காரர் ராபர்ட்சன் 1909-இல் காப்புரிமை பெற்ற குழி அது. அருமையான சரக்குதான், ஆனால் விலையைக் கேட்டதும் பலர் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள்.

அவர்களுக்கு நாங்கள் சொல்வது, தகரத்துக்குப் போடும் 8 நம்பர் பான் ஹெட் செல்ஃப் டாப்பிங் (தானே மரை வெட்டிக்கொள்ளும்) ஸ்குரூ. தலையடி தட்டை, அகலம் ஏறக்குறைய 8 மி.மீ., துளைக்குள் தாராளமாகப் போகும். கூர்நுனி உள்ளதையே கேட்டு வாங்குங்கள். டிரில் போன்ற நுனி இரும்புக்கானது, மரத்தைக் குடைந்து பிடிப்பைக் கெடுக்கும். அகலத் தலையுள்ள டிரஸ் ஹெட் துளையின் வாயிலேயே மாட்டிக்கொள்ளும்.

இந்த மலிவுச் சரக்கில் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் தலை வரைக்கும் மரை ஓடும். பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் தளர்வாக இருந்தால் மரை இரண்டு பலகையையும் பிடித்துக்கொள்ளும். நடுவில் விழுந்த இடைவெளி பிறகு எவ்வளவு முடுக்கினாலும் மூடாது. ஆகவே கிளாம்பை இறுக்கிய பிறகே ஸ்குரூவைத் தொடுங்கள். துளை ஆழமாக இருப்பதால் 150 மி.மீ. நீள பிட்டும் வேண்டும்.

12 மி.மீ. பலகைக்கு 25 மி.மீ. நீளம், 18 மி.மீ. பலகைக்கு 32, ஒன்றரை அங்குலக் கட்டைக்கு இரண்டரை அங்குலம். அலமாரித் தட்டை 18 மி.மீ. பக்கவாட்டுப் பலகையோடு சேர்க்கும்போது மட்டும் வெட்டுத் துண்டில் ஒன்று போட்டுப் பாருங்கள். நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தால் 30-க்கோ 25-க்கோ இறங்கிவிடுங்கள்.

தேக்கு, ரப்பர் மரம் போன்றவற்றில் பான் ஹெட்டின் நெருக்கமான மரை நன்றாகவே பிடிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டிலும் எம்.டி.எஃப்-பிலும் சிக்கனம் வேண்டாம். அங்கே அகல மரையுள்ள சிறப்பு ஸ்குரூதான் நிற்கும், கடைசிச் சுற்றைக் கையால் முடுக்குங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடி போல ஈரம் படும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போடலாம். ஆனால் அது சற்று மென்மையானது, கடின மரத்தில் முறுகி ஒடியும். மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுக்கும்.

பத்து ஸ்குரூவானாலும் சில்லறையாகத் தருகிறோம். வரும்போது பலகையின் வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்துவாருங்கள். துளையிட்ட துண்டாக இருந்தால் இன்னும் நல்லது, தலை உட்காருகிறதா என்று கல்லாவிலேயே பார்த்துவிடலாம். அலமாரிக்காரருக்கு அப்படித்தான் பார்த்துக் கொடுத்தோம், பணம் வாங்கவில்லை.

இப்படிக்கு,
கடையிலிருந்து