கரைப் பாதை கப்பியாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை சைக்கிளில் போவது பற்றித் தங்கள் இதழின் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலைப்பாதைகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் டெல்டாவை நினைத்ததற்கு நன்றி. ஒரு குறை மட்டும் உண்டு. கட்டுரை சொல்லும் வழி முழுக்கக் கல்லணை–பூம்புகார் மாநில நெடுஞ்சாலை. ஊர்கள் சரி: திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை. ஆனால் அந்தச் சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கியே பாதி நாள் போய்விடும். சைக்கிளுக்கான வழி ஆற்றுக் கரைகளின் மேல் இருக்கிறது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புதாறு எனத் தண்ணீர் நான்காகப் பிரிகிறது. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி கிளம்புகிறது. ஒவ்வோர் ஆற்றுக்கும் இரண்டு பக்கமும் உயர்த்திய மண்கரை. கரையைக் கண்காணிக்கவும், வெள்ளக் காலத்தில் உடைப்பு அடைக்க மணல்மூட்டை கொண்டுபோகவும் அதன்மேல் பாதை விட்டிருக்கிறார்கள். மதகுகளைத் திறந்து மூடும் ஊழியர்களான லஸ்கர்கள் மதகு மதகாகப் போய்வந்த பாதை அது. சில இடத்தில் தார், சில இடத்தில் சிவப்பு கிராவல் போட்ட கப்பி, சில இடத்தில் வண்டித்தடம் மட்டும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பத்தடி கீழே வயலும் வாழைக் கொல்லையும் தென்னந்தோப்பும். ஏற்ற இறக்கமே இல்லாததால் பழக்கமில்லாதவர்களும் மிதிக்கலாம்.

இப்படிப்பட்ட கப்பிப் பாதைக்கென்றே வரும் கிராவல் பைக் என்று தனியாக விலை கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. அந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அகல டயர் போடுகிறார்கள். நம் ஊரில் பால்கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிச் செல்லும் பழைய சைக்கிளின் 28க்கு ஒன்றரை அங்குல டயரும் ஏறக்குறைய அதே அகலம்தான். காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் கப்பியில் உதறாது. சீமைக் கருவேல முள் மட்டும் எந்த டயரையும் விடாது. மாற்று டியூபும் பம்பும் இல்லாமல் கரையேறக் கூடாது.

கட்டுரையாளர் புதிய வழித்தடம் வகுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். வழித்தடம் வகுத்தாகிவிட்டது என்பேன். தேவாரத் தலங்களின் வரிசையைப் பாருங்கள். காவிரித் தென்கரைத் தலங்கள் 127. குளித்தலை அருகே வாட்போக்கி என்னும் ஐயர்மலையில் தொடங்கிக் கடம்பர் கோயில், சிராப்பள்ளி, மேலைத் திருக்காட்டுப்பள்ளி என்று நீர் போகும் திசையிலேயே இறங்கிக் கடைசியில் கோடியக்கரையில் முடிகின்றன. வடகரைத் தலங்கள் 63. தில்லையில் தொடங்கி மேற்கே ஏறி, முசிறிப் பக்கம் திருவீங்கோய்மலையில் நிறைகின்றன. தென்கரையில் இறங்கி வடகரையில் திரும்பும் ஒரு முழுச் சுற்று!

அவ்வளவு நாள் இல்லாதவர்களுக்கு ஒருநாள் வழிகளும் உண்டு. காலையில் கடம்பர், நண்பகலில் ஐயர்மலைச் சொக்கர், அந்தியில் ஈங்கோய்நாதர் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் குளித்தலைப் பக்கம் பழங்காலம் தொட்டு இருக்கிறது. திருவையாற்றில் சித்திரை மாதம் பல்லக்குகள் சுற்றிவரும் ஏழூர் வழி இருக்கிறது: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம். காவிரியையும் குடமுருட்டியையும் கடந்து கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம்.

எனக்குப் பிடித்தது குடமுருட்டிக் கரை. அதை ஒட்டியே கிழக்கே போனால் புள்ளமங்கை வரும். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். அதன் அடித்தளத்தில் உள்ளங்கையளவுக்குள் இராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். காரில் வருபவர்கள் தஞ்சை, தாராசுரம் என்று பெரிய பெயர்களைத் தேடி இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கரைவழியே மெதுவாக வருபவர் கண்ணில் இது தப்பாது. இன்னும் கிழக்கே சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகள், மெழுகுப் பிரதிமையின் மேல் பூசுவது காவிரியின் வண்டல் மண்ணைத்தான். அங்கிருந்து தாராசுரம் வெகு அருகில். இரண்டாம் இராசராசன் எடுத்த அந்தக் கோயில் 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது.

நான் இதை எழுத முக்கியக் காரணம், கட்டுரையின் கடைசிப் பத்தி. கரைப் பாதைகளுக்குத் தார் போட்டு, பேவர் பிளாக் பதித்து, அழகுபடுத்த வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். தயவுசெய்து வேண்டாம். தார் விழுந்த கரையில் முதலில் ஏறுவது காரும் டிப்பர் லாரியும்தான். கனரக வண்டி ஓடி ஓடிக் கரையின் தோள் சரிவதை டெல்டாக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. கரை முதலில் வெள்ளத்தைத் தடுப்பதற்கு; நாம் அதன்மேல் போய்வர அனுமதிக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நகரவும் விடாது. அந்த மாதங்களில் கரையை மூடிவைத்தாலும் தவறில்லை. தை, மாசி போதும் நமக்கு.

ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றோரம் குதிரைகள் படகு இழுத்த பழைய பாதையைத்தான் சைக்கிள் வழியாக விட்டிருக்கிறார்கள். உலகமே தேடிப் போகிறது. இங்கும் சுற்றுலாத் துறையும் நீர்வளத்துறையும் சேர்ந்து செய்யவேண்டியது கொஞ்சம்தான். குழி விழுந்த இடங்களில் கிராவல் கொட்டி உருளை ஓட்டுவது, கைப்பிடிச் சுவர் இல்லாத மதகுகளுக்குச் சுவர் எழுப்புவது, லாரி ஏற முடியாதபடி கரையேறும் இடங்களில் கல் நடுவது. இதன் பலன் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் இல்லை. அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தினமும் இந்த மதகுகளைத்தான் கடக்கிறார்கள். அந்தச் சுவர்களை மட்டுமாவது இந்தக் கோடையிலேயே, மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்குள் கட்டி முடிக்க வேண்டும்.

தாங்கள் இந்த வழிக்கு ஒரு வரைபடம் வெளியிட்டால் பாலங்களையும் நடைபாலங்களையும் தவறாமல் குறியுங்கள். எதிர்க்கரையில் கோபுரம் தெரியும், போய்ச்சேர வழி தெரியாது. கரையில் போகிறவர் டீக்கடையில் முதலில் கேட்பது அடுத்த பாலம் எங்கே என்றுதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருக்காட்டுப்பள்ளி