ஓடும் தசைக்கு நரம்பு பிடிக்கும் கடிவாளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான உடற்பயிற்சிக் கட்டுரையில், நாம் ஓடத் தொடங்கியதும் நரம்புகள் தசையிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்துவிடுகின்றன என்று எழுதப்பட்டிருந்தது. டர்பனில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், இது ஏறத்தாழத் தலைகீழான செய்தி என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். கட்டுரையாளரைக் குறை சொல்வதற்கில்லை. பூனையிலும் நாயிலும் கண்ட விரிக்கும் நரம்புகளை மனிதனுக்கும் பொருத்திச் சொன்ன பழைய பாடநூல்களை நம்பி, நானும் அதையே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் ஏறக்குறைய 1 லிட்டர்தான் தசைகளுக்குப் போகிறது. கடுமையாக ஓடும்போது மொத்தம் 20 முதல் 25 லிட்டராகி, அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கே செல்கிறது. வாசலைத் திறப்பது தசையேதான். சுருங்கி விரியும் தசையிலிருந்து வெளிவரும் பொட்டாசியம், அடினோசின் போன்ற பொருள்களும், குழாயின் உட்சுவர் உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடும் சிறு தமனிகளைத் தளர்த்துகின்றன. நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தாமாகவே இயங்கும் பரிவு நரம்புகளோ அதே நேரத்தில் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, குடல், சிறுநீரகம், வேலையில்லாத தசைகள் எனப் பல இடங்களிலும் குழாய்களை இறுக்குகின்றன. வேலை செய்யும் தசையில் மட்டும் அந்தக் கட்டளை பாதிதான் எடுபடுகிறது என்பதை 1962-இல் ரெமென்ஸ்னைடர், மிட்செல், சார்னாஃப் ஆகியோர் நாய்களில் நடத்திய ஆய்வில் காட்டினர்.

அப்படியானால் இறுக்குவது எதற்கு? 1985-இல் ஆண்டர்சன், சால்டின் இருவரும் முழங்காலை நீட்டும் தசையை மட்டும் இயக்கி அளந்தபோது, ஒரு கிலோ தசைக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர் வரை இரத்தம் பாய்வதைக் கண்டனர். உடலிலுள்ள 30 கிலோ தசையும் அப்படித் திறந்துகொண்டால் 75 லிட்டர் வேண்டும். தேர்ந்த ஓட்டக்காரரின் இதயமே 40 லிட்டரைத் தாண்டுவது அரிது. கடிவாளம் இல்லையென்றால் இரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்குப் போகவேண்டிய இரத்தத்தைக் கால்களே குடித்துவிடும்.

கடிவாளத்தை எவ்வளவு இழுப்பது என்பதை மூளை மூன்று வழிகளில் அறிகிறது: இயங்கு என்று தானே இட்ட ஆணை, கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள், தசையிலிருந்து மேலே செல்லும் மெல்லிய நரம்புகள். மூன்றாவது வழியை 1937-இல் ஆலம், ஸ்மிர்க் இருவரும் எளிய சோதனையால் காட்டினார்கள். பயிற்சி முடியும் தறுவாயில் பட்டையை இறுக்கிக் கட்டி இரத்தத்தைத் தசைக்குள் தேக்கியபோது, பயிற்சி நின்ற பின்னும் உயர்ந்த அழுத்தம் இறங்கவில்லை. பட்டையை அவிழ்த்ததும் இறங்கியது. தசையில் தேங்கிய பொருள்கள் அந்த மெல்லிய நரம்புகளைத் தூண்டிக்கொண்டே இருந்தன என்பதே இதன் பொருள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் நம் ஊரின் காம்ரேட்ஸ் ஓட்டம். 1921 முதல் டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். ஓர் ஆண்டு என் மைத்துனர் எல்லைக்கோட்டைத் தன் காலாலேயே கடந்து, படம் எடுக்க அசையாமல் நின்றார். இரண்டாவது படத்துக்குள் முகம் வெளுத்துச் சரிந்தார். சுற்றி நின்றவர்கள் தண்ணீர் குறைவு என்று முடிவுகட்டி வாயில் ஊற்றப் பார்த்தார்கள். அங்கிருந்த வயதான செவிலியர் ஒருவர் அவர்களை விலக்கி, அவரைப் படுக்கவைத்துக் கால்களை ஒரு பையின்மீது தூக்கி வைத்தார். சில நிமிடங்களில் அவர் எழுந்து உட்கார்ந்து, பதக்கம் எங்கே என்று கேட்டார்.

ஓடும்வரை கெண்டைக்கால் தசைகள் பிழிந்து பிழிந்து இரத்தத்தை இதயத்துக்கு ஏற்றுகின்றன. நின்றதும் அந்தப் பிழிதல் ஓய்கிறது. குழாய்களோ இன்னும் விரிந்தே கிடக்கின்றன, நரம்பின் இறுக்கமும் தளர்ந்துவிடுகிறது. முடித்த பிறகு விழுபவர்களில் பெரும்பாலோருக்கு நேர்வது இதுவே என்று கேப் டவுனின் விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸும் அவர் குழுவினரும் விளக்கியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுபவரின் நிலை வேறு. அவருக்கு உடனே மருத்துவர் வேண்டும். தைப்பூசத்தன்று காவடியோடு ஆடி வந்துவிட்டு வரிசையில் அசையாமல் நிற்கும்போது மயங்குபவர்களைப் பார்க்கையிலும் எனக்கு இந்த விளக்கமே நினைவுக்கு வருகிறது.

ஆகவே, அடுத்த ஓட்டத்துக்கு முன் தாங்கள் வெளியிடும் குறிப்புகளில், கோட்டைக் கடந்ததும் நிற்காமல் பத்து நிமிடம் மெல்ல நடக்கவும், தலை சுற்றினால் படுத்துக் காலை உயர்த்தவும் வேண்டும் என்ற இரண்டு வரிகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.