பொங்கலுக்கு வரும்போது தோட்டத்துக்குப் போகலாம்

கண்ணு,

பெங்களூருக்கு வெளியே அந்தப் பண்ணை வீட்டுக்குப் போய்வந்த போட்டோ எல்லாம் பார்த்தேன். கூண்டில் முயல், குதிரை மேல் ஒரு சுற்று, மத்தியானம் பஃபே, நீச்சல் குளம். தலைக்கு எவ்வளவு டிக்கெட் என்று நீ சொன்னதும் அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். பசங்க சந்தோஷமாக இருந்தார்கள், சரி, அதில் எனக்கொன்றும் குறையில்லை. ஆனால் சின்னவள் போனில் பேசியது முழுக்கக் குளத்தைப் பற்றித்தான், மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அதனால் சொல்கிறேன், பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் காங்கேயத்துக்கு, உன் மாமா தோட்டத்துக்குப் போய்விட்டு வரலாம். மே லீவு வரைக்கும் தள்ளாதே, அப்போது மாடு மேய்கிற கொறங்காடு காய்ந்து கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழை சரியாகப் பெய்திருந்தால் தை மாதம் கொழுக்கட்டைப் புல் இன்னும் நிற்கும், மாடெல்லாம் கிளுவை வேலிக்குள் அதுபாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். மாட்டுப் பொங்கல் அன்றைக்குப் பட்டிப் பொங்கலுக்கே போனால் இன்னும் நல்லது, மாட்டுப் பட்டியில் குட்டியாகத் தெப்பக்குளம் வெட்டித் தண்ணீர் நிரப்பி மாட்டைத் தாண்டவிடுவதைப் பெரியவன் பார்த்ததே இல்லை.

விடிந்ததும் அங்கே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பத்து மணிக்கு மேல் போனால் பால் கறந்து முடித்திருப்பார்கள், வெயிலில் பசங்க சிணுங்க ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் கன்றை அவிழ்த்துவிட்டதும் பார், ஓடிப்போய் மடியை முட்டி முட்டிக் குடிக்கும், வாயோரம் நுரை தள்ளும், பால் இறங்கியதும் மாமா கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டுவார், அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்று நிற்கும். நம் பெரியவனை ஸ்கூல் வேனில் ஏற்றுகிற மாதிரியேதான். அத்தனை பாடுபட்டும் காங்கேயம் மாடு ரெண்டு மூணு லிட்டர்தான் கொடுக்கும், சிந்து மாட்டுக்கும் ஜெர்சி மாட்டுக்கும் பழகினவர்கள் சிரிப்பார்கள். பசங்களுக்கு அந்தக் கணக்கு எதற்கு.

கன்று செவலையாக இருக்கும், தாய் சாம்பல் நிறமாக நிற்கும். இது அதன் குட்டியே இல்லை என்று சின்னவள் சண்டைக்கு வருவாள் பார். ஆறு மாதத்தில் அதுவும் சாம்பலாகிவிடும் என்று நீயாகச் சொல்லிவிடாதே, கேட்கட்டும். காளைக்குத் திமில் கருத்திருக்கும், காயடித்தால் வெளுத்துவிடும். அது ஏன் என்று பெரியவன் கேட்டால் நேராக மாப்பிள்ளையிடம் அனுப்பிவிடு.

அப்புறம், கிணறு. மாமா தோட்டத்துக் கிணற்றுக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் கிடையாது, எத்தனை தடவை சொல்லியாயிற்று. போன் கையில் இல்லாத யாராவது ஒருத்தர் சின்னவள் கையைப் பிடித்தபடியே இருக்கணும். கன்று போட்ட மாட்டின் பக்கத்தில் குழந்தைகளைத் தனியாக விடாதே, எவ்வளவு சாதுவான மாடாக இருந்தாலும் முட்டும். பின்னங்கால் பக்கமும் போகக் கூடாது. கறந்த சூட்டோடு குடிக்கச் சொல்லி உன் அத்தை டம்ளரை நீட்டுவாள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, காய்ச்சித்தான் கொடுக்கணும். மாட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்குப் பக்கம் விடாதே. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுவிடு, வெள்வேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும்.

அங்கே இங்கே என்று அன்றைக்கு வேறு எதையும் சேர்க்காதே, கோயில்கூட மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஒரே கன்றை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் நிற்கட்டும்.

ஈரோட்டுக்கு ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னால் திறக்கும், பொங்கல் சமயம் என்பதால் காலையிலேயே தீர்ந்துவிடும். மாப்பிள்ளையை இப்போதே போனில் அலாரம் வைக்கச் சொல்.

அம்மா