ஈரத்தாளுக்கு ஒரு நன்றி

அச்சுப் பட்டறையில் உடனிருந்த அனைவருக்கும் வணக்கம்.

கண்காட்சி நேற்று மாலை முடிந்தது. கடைசி மூன்று வாரங்கள் எப்படிக் கழிந்தன என்பதை நீங்கள் அருகிலிருந்தே பார்த்தவர்கள் என்பதால் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. மனம் ஆறிப்போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஓவியத்திலிருந்து உலோகத் தகட்டு அச்சுக்கு வந்த நான், தாளை ஒரு பொருட்டாகவே கருதியதில்லை. துத்தநாகத் தகட்டின் மெழுகுப் பூச்சில் ஊசியால் கீறுவதும், அமிலம் அந்தக் கீறலை அரித்து ஆழமாக்கக் காத்திருப்பதும், பூசிய மையை வலைத்துணியால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் ஒற்றியெடுப்பதும்தான் கலை என்று நினைத்திருந்தேன். அச்சிடுவதற்கு முன் தாள் நனைப்பது எடுபிடி வேலையாகத் தெரிந்தது. அவசரமாக நனைத்த தாளில் கோடுகள் அறுந்தும் வெளிறியும் வந்தபோது, அமிலத்தையும் அச்சு இயந்திரத்தையும் குறை சொன்னேன் (அந்தப் புலம்பலைக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்).

எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்து, கருவிகளை எடுத்துப்போக மட்டுமே வந்த அந்தக் காலையில், என் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கிடந்தது. விலக்கிப் பார்த்தால், என் தகட்டின் அளவுக்கு ஓரம் விட்டுக் கிழித்த எட்டுத் தாள்கள், முந்தைய இரவே நனைக்கப்பட்டு, மையொற்றுத் தாள்களுக்கு நடுவே அடுக்கப்பட்டிருந்தன. தொட்டால் குளிர்ந்தது, மேலே நீரின் பளபளப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன்தான் செய்திருந்தார். ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லாமல், "ரொம்ப நாள் வச்சா பூஞ்சணம் பிடிச்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீணாக்க மனம் வராமல் மை பூசினேன். ஊறி இளகியிருந்த தாள், இயந்திரத்தின் கம்பளி விரிப்பு அழுத்தியதில் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வந்தது. கோடுகள் விரல்நுனிக்கு மேடாகத் தட்டுப்பட்டன. இடவலம் மாறிய அந்தப் படத்தை, வேறு யாரோ வரைந்ததைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதங்களில், நான் வரைந்ததில் எனக்கே தெரியாத ஒன்று இருந்ததை அன்றுதான் கண்டேன்.

கெட்டுப்போன தகட்டைத் தூக்கி எறியவிருந்த என்னிடம், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-இல் பொறித்த 'மூன்று சிலுவைகள்' தகட்டைப் பின்னாளில் அவரே சுரண்டித் திருத்தி, ஏறத்தாழ வேறொரு படமாகவே மாற்றியதை எடுத்துக்காட்டிய ஆசிரியருக்கும், சுரண்டுகருவியை இரவல் தந்து திருப்பிக் கேட்காத மூத்த மாணவர்களுக்கும், சட்டமிட்டவர்களுக்கும், இரவு எந்நேரம் ஆனாலும் கதவைத் திறந்துவிட்ட காவலருக்கும், காரணம் கேட்காமல் காத்திருந்த வீட்டாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

புதிய மாணவர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள். அவர்களின் முதல் அச்சுக்கு முந்தைய இரவு, தாள் நனைக்கும் பொறுப்பை எனக்குத் தருமாறு அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டால், தாளுக்குத் தாள் மாறும், தொட்டுத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்.