நாப்போலியிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். குளிர் குறைந்துவிட்டது, ஆராய்ச்சி வேலையும் தடங்கலின்றி நடக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்கார அம்மாளோடு உட்கார்ந்து ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து முடித்தேன். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

தொடரின் பெயர் 'லமீகா ஜெனியாலே'. அபாரமான தோழி என்று பொருள் கொள்ளலாம். 2018இல் தொடங்கி, நான்கு பருவங்களில் 34 பகுதிகளாக வந்தது. 1950களில் இந்த ஊரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளரும் லீலா, லெனூ என்ற இரு சிறுமிகள் முதுமையடையும் வரையிலான கதை அது. பேச்சு பெரும்பாலும் நாப்போலி வழக்கு. மற்ற இத்தாலியர்களுக்கு எளிதில் புரியாதென்று திரையின் அடியில் இத்தாலிய எழுத்துகள் ஓடுகின்றன. நான் அவற்றை எட்டிப் பிடித்துப் படிக்கும் முன்பே வீட்டுக்கார அம்மாள் சிரித்துவிடுவார். வகுப்பில் கற்ற இத்தாலியம் இங்குள்ள காய்கறிக் கடையில் எனக்கு ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

இருவரில் லீலாவுக்குத்தான் கூர்மையான அறிவு. ஆனால் அவள் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மேலே படிக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றவளை, செருப்புத் தைக்கும் தந்தை சன்னல் வழியே தெருவில் எறிந்துவிடுகிறார்; கை முறிகிறது. பின்னிக்கொண்டிருந்த கம்பளியை மடியில் போட்டுவிட்டு, வீட்டுக்கார அம்மாள் அன்று வெகுநேரம் பேசவேயில்லை. அதன் பிறகும் லீலா நூலகப் புத்தகங்களைக் கொண்டு தானே லத்தீன் கற்று, பள்ளிக்குப் போகும் லெனூவுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அபாரமான தோழி என்பது அவளைத்தான் குறிக்கிறது என்று நினைத்திருந்தேன். தன் திருமண நாளன்று லீலா அந்தச் சொல்லை லெனூவைப் பார்த்துச் சொல்கிறாள். நீ படிப்பை விடக்கூடாது என்கிறாள்.

அம்மா, அந்த இடத்தில் எனக்கு உங்கள் நினைவு வந்தது. பொங்கலுக்கு வரும் டீச்சர் அத்தை, "கணக்குப் பரீட்சையில் உன் அம்மாவைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்று ஆண்டுதோறும் சொல்வார். நீங்கள் காபி போட உள்ளே போய்விடுவீர்கள். எட்டாம் வகுப்போடு உங்களை நிறுத்தியது ஆச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பட்டம் வாங்கிய அன்று, பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டு, அத்தையின் கையைப் பற்றிக்கொண்டு அழுதீர்கள். அப்போது அது எனக்கு மனத்தாங்கலாக இருந்தது, இப்போது இல்லை.

அடுத்த முறை அத்தை வரும்போது காபியை அவர் போடட்டும். நீங்கள் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அந்தக் கணக்குப் பரீட்சையைப் பற்றி எனக்கு விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்