நாடாளுமன்றம் மறுத்ததை அலுவலக வழிகாட்டுதல் தரலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருளுக்கு பேட்டன்ட் கிடைக்காததால்தான் நம் நாட்டில் புதுக் கண்டுபிடிப்புகள் பெருகவில்லை, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகும் கணினி நிரலுக்குத் தன்னளவில் பேட்டன்ட் இல்லை என்னும் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவைக் கட்டிக்கொண்டு அழுவதா என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. மென்பொருள் எழுதுவதும் பேட்டன்ட் ஆவணங்களைப் படிப்பதுமே எங்கள் அன்றாட வேலை. நாங்கள் பார்க்கும் நிலவரம் வேறு. 3(கே) ஏற்கெனவே பாதி கரைந்துவிட்டது. கரைத்தது நாடாளுமன்றம் அல்ல என்பதுதான் எங்கள் குறை.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் பேட்டன்ட்டையும் காப்புரிமை என்கிறோம், காபிரைட்டையும் காப்புரிமை என்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான். நிரல் எழுதி முடித்ததுமே, எங்கும் பதியாமலே, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அது இலக்கியப் படைப்பாகிவிடுகிறது. அதை அடுத்தவர் நகலெடுக்கக் கூடாது. ஆனால் அதே வேலையைச் செய்யும் வேறொரு நிரலை அவர் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம். பேட்டன்ட் நிரலில் எழுதிய வரிகளைக் காப்பதில்லை, அந்த வேலையைச் செய்யும் வழியையே மறிக்கிறது. உங்கள் நிரலை ஒருவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க வேண்டாம். தானாகவே யோசித்து அதே வழிக்கு வந்திருந்தாலும் மீறல் மீறல்தான். காலம் 20 ஆண்டு. எனவே, மென்பொருளுக்குப் பாதுகாப்பே இல்லை என்பது சரியல்ல. பதிப்புரிமை இருக்கிறது, இரண்டாவது பூட்டு வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அந்தப் பூட்டு என்ன செய்யும் என்பதற்கு ஜிஃப் படக்கோப்பின் கதை போதும். அதற்குள் இருக்கும் எல்.இசட்.டபிள்யூ. என்ற சுருக்கமுறைக்கு 1983 ஜூன் 20 அன்று அமெரிக்காவில் பேட்டன்ட் கேட்கப்பட்டது. 1984இல் ஒரு கணினி இதழில் அதே முறை கட்டுரையாக வெளியானது. 1987இல் காம்ப்யூசர்வ் நிறுவனம், பேட்டன்ட் இருப்பதை அறியாமலே, அதைப் பயன்படுத்தி ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது. இணையம் முழுக்க ஜிஃப் பரவியபின், 1994 டிசம்பர் கடைசியில், ஜிஃப் கையாளும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. பேட்டன்ட் அப்போது யூனிசிஸ் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. நிரலாளர்கள் 1995இல் உட்கார்ந்து அந்த பேட்டன்ட்டைத் தொடாத பி.என்.ஜி. வடிவத்தை உருவாக்கினார்கள். பி.என்.ஜி. நல்ல வடிவம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலி தாண்டுவதற்காகச் செய்த வேலையைப் புத்தாக்கக் கணக்கில் எழுதுவது எப்படி? அமெரிக்க பேட்டன்ட் காலாவதியானது 2003 ஜூனில்.

ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசானுக்கு 1999 செப்டம்பரில் பேட்டன்ட் கிடைத்தது. அந்த டிசம்பரிலேயே தடையாணை பெற்றது. எதிர்த்தரப்பான பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தக நிறுவனம் செய்த மாற்றம் என்ன தெரியுமா? வாடிக்கையாளர் இன்னொரு கிளிக் செய்யும்படி வைத்தது.

இனி நம் ஊர்ச் சட்டம். 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 2003 மே 20 அன்று அமலுக்கு வந்தது. கணித முறை, வணிக முறை, ‘தன்னளவில்’ கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்பது 3(கே). ‘பெர் சே’ என்று ஆங்கிலச் சட்டத்தில் நிற்கும் அந்தச் சின்னச் சொல்தான் இருபது ஆண்டுகளாக வழக்கறிஞர்களுக்குச் சோறு போடுகிறது. அதை ஏன் சேர்த்தோம் என்று நாடாளுமன்றக் கூட்டுக்குழுவே விளக்கியிருக்கிறது: நிரலோடு சேர்ந்து வரும் மற்ற விஷயங்கள் கண்டுபிடிப்பாக இருந்தால் அவற்றை நிராகரிக்க வேண்டாம்; நிரலுக்கு மட்டும் பேட்டன்ட் தருவது நோக்கமல்ல.

2004 டிசம்பர் 26இல் வந்த அவசரச் சட்டம் இந்தக் கதவைத் திறக்கப் பார்த்தது. தொழில்துறையில் தொழில்நுட்பப் பயன்பாடு இருந்தாலோ, வன்பொருளோடு சேர்ந்து வந்தாலோ நிரலுக்கு பேட்டன்ட் தரலாம் என்று மாற்றியது. இடதுசாரிகள் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். 2005இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த மாற்றம் இடம்பெறவில்லை. பழைய 3(கே) அப்படியே நின்றது. நாடாளுமன்றம் முன்னால் வைக்கப்பட்டு, நாடாளுமன்றம் வேண்டாம் என்ற வாசகம் அது. அதே ஆண்டு ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் பேட்டன்ட் நெறிமுறையை 648க்கு 14 என்ற வாக்கில் தள்ளுபடி செய்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

பிறகு நடந்ததெல்லாம் வழிகாட்டுதல்கள் வழியாகத்தான். 2015 ஆகஸ்டில் பேட்டன்ட் அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டுதல், 2005இல் விழுந்ததை ஏறக்குறைய மீண்டும் எழுப்பியது. ஸ்டார்ட்-அப் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் போர்க்கொடி தூக்கியதால் டிசம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் தெளிவான மூன்று படிச் சோதனை வந்தது: விண்ணப்பதாரரின் உண்மையான பங்களிப்பு எது என்று பார், அது கணிதம், வணிக முறை, அல்காரிதம் மட்டும் என்றால் மறு, நிரல் என்றால் புதிய வன்பொருளோடு சேர்ந்து கோரப்பட்டிருக்கிறதா என்று பார். 2017 ஜூனில் இதுவும் போயிற்று. புதிய வன்பொருள் நிபந்தனை நீங்கியது. 2025இல் மறுபடியும் திருத்தம். பத்தாண்டுகளில் சட்டத்தின் வரி ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதன் பொருள் மட்டும் நான்கு முறை மாறிவிட்டது.

நீதிமன்றங்களின் பங்கையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் ஃபெரித் அலானி வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம், ‘தொழில்நுட்ப விளைவு’ இருந்தால் நிரல் என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்றது. அந்த விண்ணப்பம் இந்தியாவில் 2002இல் போடப்பட்டது; பேட்டன்ட் தரும்படி அப்போதிருந்த மேல்முறையீட்டு வாரியம் சொன்னது 2020 ஜூலையில். அதற்குள் அதன் இருபது ஆண்டு ஆயுள் ஏறக்குறைய கரைந்திருந்தது. விண்ணப்பத்தை ஆராயும் தேர்வாளர் ஒற்றை வரியில் ‘3(கே)’ என்று எழுதித் திருப்பி அனுப்புவது யாருக்கும் நல்லதல்ல என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிரேக்கைக் கட்டுப்படுத்தும் நிரல் வண்டியை உண்மையிலேயே சீக்கிரம் நிறுத்துகிறது என்றால் அங்கே கண்டுபிடிப்பு இருக்கலாம்.

சிக்கல், ‘தொழில்நுட்ப விளைவு’ எழுதுவதற்கு மிக எளிது என்பதில் இருக்கிறது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: மளிகைக் கடையில் ஒரு பொருளின் இருப்பு, கடந்த மூன்று வார விற்பனைச் சராசரிக்குக் கீழே போனதும் மொத்த வியாபாரிக்குத் தானாக ஆர்டர் போகிறது. இதை ‘முறை’ என்று கோரினால் வணிக முறை, விழுந்துவிடும். அடுத்த கோரிக்கையில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் பகுதி) சட்டையை மாற்றுவார்கள்: “ஒரு புராசசரும் அதனோடு இணைந்த மெமரியும் கொண்ட அமைப்பு, அந்த மெமரியில் உள்ள கட்டளைகள் புராசசரை…” என்று தொடங்கி, அதே கணக்கு. மூன்றாவது கோரிக்கை, அதே கட்டளைகள் பதிந்த சேமிப்பு ஊடகம். விளக்கவுரையின் நடுவில் ஒரு வாக்கியம்: “இதனால் சர்வர்மீதான சுமையும் நெட்வொர்க் நெரிசலும் குறைகின்றன.” எவ்வளவு குறைகிறது, எதோடு ஒப்பிட்டு, எந்தச் சோதனையில்? எதுவும் இருக்காது. கடைக்காரர் நோட்டில் போட்ட கணக்கு மெமரிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். படத்துக்கு நாலு பெட்டிகள், நடுவே அம்புக்குறிகள். சட்டத்தின் 10(4) பிரிவோ கண்டுபிடிப்பை முழுமையாக விளக்க வேண்டும், தமக்குத் தெரிந்த சிறந்த முறையையும் சொல்ல வேண்டும் என்கிறது. பெட்டிப் படத்தை வைத்து ஒரு நிரலாளர் என்ன எழுதிவிட முடியும்? சொல்லிக்கொடுத்தால்தான் இருபது ஆண்டு என்பதே இந்தப் பேரத்தின் அடிப்படை.

தேர்வாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. மறுத்தால் காரணம் எழுத வேண்டும், உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகும்; கொடுத்தால் கோப்பு முடிந்தது. ஓராண்டில் ஒரு லட்சம் பேட்டன்ட் வழங்கினோம் என்று அரசு பெருமையோடு அறிவிக்கும் சூழலில் எந்தப் பக்கம் சாய்வது எளிது என்று சொல்லத் தேவையில்லை.

2021 ஜூலையில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் 161ஆவது அறிக்கை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்வதுபோல அல்காரிதங்களைக் கருவியோடோ நடைமுறைப் பயன்பாட்டோடோ இணைத்து பேட்டன்ட் தரலாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்கா 1998இல் ஸ்டேட் ஸ்ட்ரீட் தீர்ப்பால் வணிக முறைகளுக்குக் கதவை அகலத் திறந்து, 2014இல் ஆலிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் பெருமளவு மூடிய நாடு. பழைய கருத்தைக் கணினியில் ஓட்டுவதால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அவர்கள் திரும்பி வந்த வழியில் நம்மைப் போகச் சொல்வது விந்தை.

சிறு மென்பொருள் நிறுவனங்கள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. பேட்டன்ட் இதழ் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் இலவசமாக வருகிறது. கணினி சார்ந்த விண்ணப்பங்களுக்கான ஜி06எஃப், ஜி06க்யூ, ஜி06என் ஆகிய வகைக் குறியீடுகளை மட்டும் புரட்டினால் போதும். வணிக முறைகள் பெரும்பாலும் ஜி06க்யூவில் இருக்கும். விண்ணப்பம் வெளியாகி ஆறு மாதம் ஆகும் முன் பேட்டன்ட் தர முடியாது. அதன் பிறகும், வழங்கப்படும் வரை, பேட்டன்ட் சட்டத்தின் 25(1) பிரிவின் கீழ் யார் வேண்டுமானாலும் 7ஏ படிவத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். “இது வெறும் மென்பொருள்” என்று இரண்டு பக்கம் புலம்பும் எதிர்ப்புகள் தோற்றுப்போகும். முதல் கோரிக்கையை எடுத்து, அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே பழைய ஆவணத்தில் அது எங்கே இருக்கிறது என்று அட்டவணை போட வேண்டும். பழைய நிரலில் எப்போது என்ன மாறியது என்று காட்டும் கமிட் வரலாறு, வெளியீட்டுக் குறிப்பு, கையேடு எல்லாமே சாட்சியம்தான். அடிக்கடி நடக்கும் தவறு தேதியில்: இந்தியாவில் விண்ணப்பித்த நாளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பார்க்க வேண்டியது முன்னுரிமை நாள், அதாவது அதே கண்டுபிடிப்புக்கு எந்த நாட்டிலாவது முதலில் விண்ணப்பித்த நாள். அது ஓராண்டோ அதற்கு மேலோ முந்தியதாக இருக்கலாம். இணையப் பக்கத்தின் அச்சை மட்டும் இணைப்பது இன்னொரு தவறு. 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63ஆவது பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றோடு பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தால் பின்னால் சண்டை இருக்காது.

மீறல் நோட்டீஸ் வந்துவிட்டால் பதறிப் பணம் கட்ட வேண்டாம். அந்த பேட்டன்ட் உயிரோடு இருக்கிறதா என்று பதிவேட்டில் பாருங்கள். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் செத்துப்போனவை ஏராளம். வழங்கிய பேட்டன்ட் செல்லும் என்று அரசே உத்தரவாதம் தருவதில்லை என்பது பேட்டன்ட் சட்டத்தின் 13(4) பிரிவு. மீறல் வழக்கில் அது செல்லாது என்று வாதாட 107ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆதாரமில்லாத மிரட்டல் என்றால் 106ஆவது பிரிவின் கீழ் நீங்களே வழக்குப் போடலாம்.

அரசிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே. 3(கே)வை மாற்றத்தான் வேண்டும் என்றால் மசோதாவாகக் கொண்டு வந்து இரு அவைகளிலும் விவாதியுங்கள். அதுவரை, தொழில்நுட்ப விளைவு என்று கோருபவர் அளவீட்டைத் தரட்டும்: எதோடு ஒப்பிட்டார், எந்தக் கணினியில், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு. பெட்டிப் படத்தோடு படிப்படியான நிரல் வரைவையும் கட்டாயமாக்குங்கள். எதிர்ப்பு மனுவுக்கு முன்பெல்லாம் கட்டணமே இல்லை. 2024 மார்ச் விதித் திருத்தம் அதையும் கொண்டு வந்தது. எதிர்ப்பு ஏற்கத்தக்கதா என்று பேட்டன்ட் அலுவலகத்தின் கட்டுப்பாட்டாளர் முதலில் வடிகட்டும் ஏற்பாடும் அப்போதே வந்துவிட்டது. வடிகட்டி இருக்கும்போது கட்டணம் எதற்கு? தனிநபரும் ஸ்டார்ட்-அப்பும் இணையவழி விண்ணப்பிக்க 1,600 ரூபாய், பரிசீலனைக்கு 4,000 என்று சலுகை தரும் அரசு, தவறான விண்ணப்பத்தைச் சுட்டிக்காட்ட வருபவரிடம் காசு கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டோடு பெங்களூரு, ஐதராபாத் நிறுவனங்களுக்கும் உரிய அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. இந்தக் கட்டணத்தை நீக்கினால் முதலில் பயன்பெறுபவர்கள் அந்த ஊர்களின் சிறு நிறுவனங்களே.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதுவோரும் பேட்டன்ட் ஆவணம் படிப்போருமான சிலர்,
சென்னை