இறந்தவரை எந்த மாநிலத்தில் சேர்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா இறப்புகளைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், கேரளத்தில் 70 ஆயிரத்துக்கு மேல், தமிழ்நாட்டில் 38 ஆயிரம், ஆந்திராவில் 15 ஆயிரத்துக்கும் குறைவு என்று அட்டவணை போட்டுவிட்டு, யார் நன்றாகச் சமாளித்தார்கள் என்பதை இந்த எண்களே சொல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் அறுபது வயது தாண்டியவர்கள் 12.6 சதவீதம், நாட்டிலேயே அதிகம். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் தரச் சொன்ன சுப்ரீம் கோர்ட் உத்தரவுக்குப் பிறகு, 2021 அக்டோபரிலிருந்து விட்டுப்போன இறப்புகளைத் தேடித் தேடி ஆயிரக்கணக்கில் சேர்த்ததும் கேரளம்தான். இந்தியாவில் 2020, 2021 இரண்டு வருஷத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது, அரசுக் கணக்கோ 5 லட்சம்கூட இல்லை. அப்படியிருக்க, எண் குறைவாக இருந்தால் சாவும் குறைவு என்று எப்படி எழுத மனசு வந்தது?

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். ரேஷன் கார்டு கேரளம், பேச்சு தமிழ், பெரிய வியாதி வந்தால் ஓடுவது கோயமுத்தூருக்கு. 2021 மே மாசம் என் அண்ணனுக்கு மூச்சுத் திணறியபோது வேலந்தாவளம் எல்லை செக்போஸ்டில் ஆம்புலன்சை நிறுத்தி, தமிழ்நாட்டுக்குள் வர ஆன்லைனில் செய்யும் இ-பதிவு எங்கே என்று கேட்டார்கள், அண்ணி போனை நீட்டிக்கொண்டே அழுதார். அண்ணன் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார், ஆத்துப்பாலம் மயானத்தில் எரித்தோம், முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. எங்கே சாவு நடந்ததோ அங்கேதான் பதிவு என்பது 1969 சட்டம், அதனால் சான்றிதழ் கோயமுத்தூரில். அப்புறம் 50 ஆயிரம் நிவாரணம் கேட்டுப் போனால் அங்கே ஒரு அலுவலகம் நீங்கள் கேரளம் என்றது, இங்கே ஒரு அலுவலகம் சாவு நடந்தது தமிழ்நாட்டில்தானே என்றது. உங்கள் அட்டவணையில் என் அண்ணன் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்? கேரளத்துக்கு நடுவே இருந்தாலும் புதுச்சேரியைச் சேர்ந்த ஊர் மாஹே; 2020 ஏப்ரலில் கண்ணூரில் இறந்த மாஹே பெரியவரையும் புதுச்சேரிக்காரர் என்று சொல்லித்தான் கேரளம் தன் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்து எண்ணிய கேரளத்துக்கும் இந்தக் குறை உண்டு, நான் மறைக்கவில்லை.

எத்தனையோ வருஷமாக எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான். ஆனால் ஆஸ்பத்திரிக் கழிவு லாரி பிடிபட்டால், ஆழியாற்றுத் தண்ணீரில் தகராறு வந்தால் மட்டும்தான் உங்களுக்கு எல்லை ஞாபகம் வருகிறது. இங்கே தமிழ் மீடியம் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதைப் பற்றி முன்பு எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை. சரி, அது போகட்டும்.

இனி இப்படி அட்டவணை போடும்போது, இறந்த இடத்தை வைத்து எண்ணியதா, வீட்டு முகவரியை வைத்தா என்று கீழே ஒரு வரி சேருங்கள். முதியோர் சதவீதத்தையும் பக்கத்தில் போடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வாசகர்